படம் சரியில்லை, பேச்சு கேட்கவில்லை: பெரிய டிவியின் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

2025 செப்டம்பர் 22 அன்று 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 43 அங்குலம் போதும் என்றிருந்த வீடுகளில்கூட இப்போது 55, 65 என்று பேச்சு ஓடுகிறது. செட் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே புகார்களும் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவை செட்டின் குறையே அல்ல. உள்ளே நுழையும் சிக்னலோ, மாட்டிய இடமோ, மெனுவில் யாரும் தொடாத ஒரு அமைப்போதான் காரணமாக இருக்கும்.

எனவே எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. செட்டாப் பாக்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு, டிவியிலேயே இருக்கும் யூடியூப்பில் 4கே வீடியோ ஒன்றை ஓடவிடுங்கள். தரத்தை 'ஆட்டோ'வில் விடாமல் 2160 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். படம் பளிச்சென்று இருந்தால் படத்தைக் காட்டும் திரைப் பகுதியான பேனல் நலமாக இருக்கிறது, தொல்லை வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அதிலும் அதே குறை தெரிந்தால் மட்டும் செட்டைச் சந்தேகியுங்கள். இதைச் செய்யாமல் சர்வீஸுக்கு அழைத்தால், வந்தவர் பாக்ஸின் வயரை மாற்றிச் செருகிவிட்டு விசிட் கட்டணம் வாங்கிக்கொண்டு போவார்.

பழைய டிவியில் நன்றாகத் தெரிந்த சேனல், புதியதில் பிசிறடிக்கிறது

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கணக்கைப் பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். சாதாரண எஸ்டி சேனல் அனுப்புவது 720-க்கு 576 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 4 லட்சத்து 15 ஆயிரம். 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் தகவல் வருகிறது. மீதிப் பத்தொன்பதையும் செட் தானாக ஊகித்து நிரப்புகிறது. 32 அங்குலத்தில் கண்ணுக்குத் தப்பிய பிசிறு 65-இல் சுவர் அகலத்துக்கு விரிந்து நிற்கிறது.

பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி வயர் செருகியிருந்தால் அதுதான் குற்றவாளி. பாக்ஸ் எச்டியாக இருந்தாலும் அந்த மஞ்சள் வயர் வழியாக எஸ்டிக்கு மேல் எதுவும் போகாது. பழைய டிவியைக் கழற்றியவர் அதே வயரைப் புதியதிலும் செருகிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. எச்டிஎம்ஐ வயருக்கு மாறுங்கள். மாறிய பிறகு பாக்ஸின் சொந்த மெனுவுக்குள் போய், வீடியோ அவுட்புட் 576 என்று இருந்தால் '1080i' என்று மாற்றுங்கள். டிவி ரிமோட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. பாக்ஸ் ரிமோட்டில்தான் இருக்கும்.

அடுத்து சேனல் எண். ஒரே சேனலுக்கு எஸ்டியில் ஒரு எண், எச்டியில் வேறு எண். மாதாமாதம் எச்டிக்குப் பணம் கட்டிவிட்டு, பழகிப்போன பழைய எண்ணையே அழுத்திப் பார்க்கும் வீடுகள் எத்தனையோ. பெரியவர்களின் விரலைப் பழக்கத்திலிருந்து மீட்பது கடினம். எச்டி எண்களைப் ஃபேவரிட் பட்டியலில் போட்டு வைத்துவிடுவது சுலபம்.

பாக்ஸே எஸ்டி என்றால் டிவியில் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. ஒன்று மட்டும் செய்யலாம்: 'ஷார்ப்னஸ்' அளவைக் குறையுங்கள். அது தெளிவைக் கூட்டுவதில்லை. விளிம்புகளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வரைந்து தெளிவு போல ஏமாற்றுகிறது. மங்கலான சிக்னலில் அந்தக் கோடும் சேர்ந்து கொசு மொய்ப்பது போல் ஆகிவிடும். பிறகு கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள். அல்லது அந்தச் சேனலின் செயலியை டிவியில் நிறுவி இணையம் வழியாகப் பாருங்கள். பெரும்பாலும் அது மேலாகவே இருக்கும்.

முகங்கள் எல்லாம் பருத்துத் தெரிந்தால், பழைய 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறார்கள். 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வை 'ஒரிஜினல்' ஆக்குங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். "காசு கொடுத்த திரையில் பாதி வீணா?" என்று வீட்டில் கேட்பார்கள். பழைய படத்தின் உண்மையான வடிவம் அதுதான்.

கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது

65 அங்குலத் திரை சுமார் 144 செ.மீ. அகலம், 81 செ.மீ. உயரம். 55 அங்குலம் 122-க்கு 68. 75 அங்குலம் 166-க்கு 93. செய்தித்தாள்களை இந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன் செய்வது நல்லது. வாங்கிய பிறகும் எந்த உயரத்தில் மாட்டுவது என்று முடிவெடுக்க உதவும்.

தூரத்துக்குப் பயன்படும் கணக்கு: திரையின் மூலைவிட்ட அளவைப் போல் 1.2 முதல் 1.6 மடங்கு. 65 அங்குலத்துக்கு அது 2 மீட்டரிலிருந்து 2.65 மீட்டர் வரை. இது எச்டி, 4கே படங்களுக்கான கணக்கு. வீட்டில் பெரும்பாலும் ஓடுவது எஸ்டி கேபிள் என்றால் இன்னும் பின்னால் தள்ளி உட்காருங்கள், அல்லது ஒரு அளவு சிறியதாக வாங்குங்கள். "எவ்வளவு பெரியது வாங்கலாம்" என்று கேட்பவர்களிடம் நான் அறையின் நீளத்துக்கு முன் "என்ன பார்ப்பீர்கள்" என்றுதான் கேட்பேன்.

கழுத்து வலிக்கு உயரம்தான் காரணம். மாட்ட வந்தவர் தன் நிற்கும் உயரத்துக்குப் பார்த்துத் துளை போட்டுவிடுகிறார். பார்ப்பவர்களோ உட்கார்ந்திருப்பார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் 75 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் சோபாவும் பாயும் இரண்டும் உண்டு என்பதால், நடுப்பகுதியை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, கீழே சாய்க்கக்கூடிய டில்ட் பிராக்கெட் போட்டுக்கொள்வது நல்ல சமரசம். இருக்கையிலிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தால் அது சாமி படத்துக்கான உயரம், டிவிக்கானது அல்ல.

கண் எரிச்சலுக்கு இருட்டறையில் முழுப் பிரகாசத்தில் பார்ப்பது காரணமாக இருக்கலாம். டிவிக்குப் பின்னால் சிறு விளக்கு ஒன்று எரியட்டும்.

ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் படம் வெளுத்துத் தெரிகிறது

இதைச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டிய விஷயம். எல்சிடி பேனல்களில் இரண்டு முக்கிய வகை உண்டு. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் ஓரத்திலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். 'கியூஎல்இடி' என்று பெட்டியில் போட்டிருப்பதும் பின்விளக்கு உள்ள எல்சிடிதான். இந்தக் கேள்விக்கு அந்தப் பெயர் பதில் சொல்லாது. கடையில் நேராக நின்று வியக்காமல் பக்கவாட்டில் நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். குடும்பமே ஹாலைச் சுற்றி உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ், இரவில் இருவர் மட்டும் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ என்பது என் கருத்து. பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி இரண்டையும் தரும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

சினிமா, சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடுகிறது

படத்தில் குறை இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். பெரிய பட்ஜெட் படம்கூட வீட்டு வீடியோ போல இருக்கும். சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. டிவி நடுவில் தானே செயற்கைச் சட்டகங்களை உருவாக்கிச் செருகுகிறது. சாம்சங்கில் இதற்கு 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்று பெயர், எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. பெயர் எதுவானாலும் சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியும் இதை அணையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்து ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, படத்தை எடுத்தபடியே காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. உங்கள் செட்டில் அது இருந்தால் ஒரே தேர்வில் இந்த வேலைகள் எல்லாம் முடிந்துவிடும். கிரிக்கெட்டுக்கு மட்டும் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேகப்பந்தைச் சுற்றி நிழல் போல் ஏதோ தொடர்ந்தால் அங்கும் வேண்டாம்.

நான் வைத்த நிறம் தானாக மாறிவிடுகிறது

செட் 'ஷாப் மோட்' எனப்படும் கடை அமைப்பில் இருக்கிறது. முதல் முறை இயக்கும்போது "வீடா, கடையா" என்று கேட்கும். அவசரத்தில் யாரோ கடை என்று அழுத்தியிருப்பார்கள். கடையின் வெளிச்சத்தில் பளபளக்க வேண்டும் என்பதற்காகப் பிரகாசம் உச்சத்தில் இருக்கும். நீங்கள் மாற்றியதைச் சில நிமிடங்களில் பழையபடி ஆக்கிவிடும். திரையின் மேல் விளம்பர வாசகங்களும் வந்து போகும். மெனுவில் 'ஹோம் மோட்' தேடி மாற்றினால் எல்லாம் அடங்கும்.

பிறகு 'விவிட்' அமைப்பை விட்டு 'சினிமா' அல்லது 'மூவி' அமைப்புக்கு வாருங்கள். முதல் நாள் படம் மஞ்சளடித்தது போல் தோன்றும். இத்தனை நாள் நீலம் தூக்கலான வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண் அது. நான்கைந்து நாள் பொறுத்துவிட்டு மீண்டும் 'விவிட்' போட்டுப் பாருங்கள். மணப்பெண்ணின் பட்டுப் புடவை எரிவது போல் இருக்கும்.

இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லை

மின்சிக்கன அமைப்பை முதலில் பாருங்கள். புதிய செட்கள் பலவற்றில் அது ஆன் நிலையிலேயே வரும். அறை வெளிச்சத்தை அளந்து திரையைத் தானாக மங்கலாக்கும் சென்சாரும் கூட இருக்கும். இரண்டையும் அணைத்துப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும் எச்டிஆர் படங்களில் மட்டும் இருட்டாக இருந்தால் காரணம் வேறு. எச்டிஆர் படம் மிக அதிகப் பிரகாசத்தை எதிர்பார்த்துத் தயாரிக்கப்படுகிறது. விலை குறைந்த செட்டில் அந்த வெளிச்சம் இல்லை. எச்டிஆர் என்று பெட்டியில் போட்டிருப்பது சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்பதற்கு மட்டுமே. படத்தின் வெளிச்சத்தைத் திரையின் திறனுக்கேற்பப் பொருத்தும் 'டைனமிக் டோன் மேப்பிங்' இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தைப் பகலில் பார்க்காமல் இரவில் பாருங்கள்.

ஸ்கோர் பலகையும் செய்தி ஓட்டமும் ஓரத்தில் வெட்டுப்படுகின்றன

படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் 'ஓவர்ஸ்கேன்'தான் காரணம். பழைய குழாய் டிவி காலத்து மிச்சம். பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபிட் டு ஸ்கிரீன்', 'ஃபுல் பிக்சல்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது.

பேச்சு கேட்கவில்லை, சண்டைக் காட்சியில் காது பிளக்கிறது

திரை மெலிந்துகொண்டே வந்ததில் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போனது. பெரும்பாலான செட்களில் ஸ்பீக்கர் கீழே பார்த்தபடியோ சுவரைப் பார்த்தபடியோ இருக்கிறது. அதிலும் மரவேலைப்பாடு செய்த அலமாரிக்குள் செட்டைப் பொதிந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். கீழே ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஓடிடி படங்களின் ஒலி பெரும்பாலும் 5.1 வடிவில் வருகிறது. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு உரியது. டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். நடுவில் வர வேண்டியதை இரண்டிலும் பங்கிட்டுப் போடும்போது இசைக்கும் சத்தத்துக்கும் நடுவே வசனம் அமுங்குகிறது. படம் ஓடும்போது ஒலி மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே தமிழ் 5.1 என்றும் அது இல்லாமலும் இருமுறை இருந்தால், இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி மெனுவில் 'கிளியர் வாய்ஸ்', 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' போன்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 'சரவுண்ட்' என்று எது இருந்தாலும் அணையுங்கள்.

செட்டாப் பாக்ஸில் மட்டும் ஒலி குறைவாக இருந்தால், பாக்ஸின் சொந்த ஒலியளவு பாதியில் நிற்கிறது. அதை முழுமையாக ஏற்றிவிட்டு, பிறகு டிவி ரிமோட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

சவுண்ட்பார் வாங்கியும் ஒலி வரவில்லை என்றால், டிவியின் எச்டிஎம்ஐ துளைகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். மூன்றோ நான்கோ துளை இருந்தாலும் ஒன்றில் மட்டும்தான் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று இருக்கும்; டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் துளை அதுதான். சவுண்ட்பாரிலும் அதே போல் ஒன்று. இரண்டையும் இணைத்துவிட்டு, எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி மற்றொன்றை இயக்க உதவும் சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள். சாம்சங் இதை 'எனிநெட் பிளஸ்' என்றும் எல்ஜி 'சிம்ப்லிங்க்' என்றும் அழைக்கின்றன. ஒலி வெளியீட்டையும் டிவி ஸ்பீக்கரிலிருந்து மாற்ற வேண்டும். உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் பொருத்தமில்லாமல் போனால் டிவியிலோ சவுண்ட்பாரிலோ 'ஆடியோ டிலே' இருக்கும். செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டே சரிசெய்வது எளிது. நள்ளிரவில் டிவி தானாக ஆன் ஆகிறது என்று பயப்படுபவர்களும் இந்தச் சிஇசியைத்தான் பார்க்க வேண்டும். பாக்ஸ் தானாக அப்டேட் ஆகி விழிக்கும்போது டிவியையும் சேர்த்து எழுப்பிவிடும்.

படம் நின்று நின்று சுற்றுகிறது

மொபைலில் வேகம் பார்த்துவிட்டு "100 எம்பிபிஎஸ் வருகிறதே" என்று சொல்வார்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது அது. மொபைலை டிவியின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சோதியுங்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்வது 15 எம்பிபிஎஸ்தான். அவ்வளவு வேகம் நிலையாக வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைக் கடக்கும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதில்தான் முட்டிக்கொள்கின்றன. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் 5, இடையில் இரண்டு சுவர் இருந்தால் 2.4. எல்லாவற்றையும் விட மேல், லேன் வயர். டிவியின் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான் என்பதால் வேகச் சோதனையில் வைஃபையைவிடக் குறைவாகக் காட்டலாம். கவலை வேண்டாம், படத்துக்கு அது தாராளம்.

இணையம் நன்றாக இருந்தும் செயலிகள் திறக்கவே நேரமெடுத்தால் டிவியின் நினைவகம் நிரம்பியிருக்கும். தொடாத செயலிகளை நீக்குங்கள். அப்படியும் தள்ளாடினால், எச்டிஎம்ஐ துளையில் செருகி ஓடிடி செயலிகளை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கிச் செருகுவது செட்டை மாற்றுவதைவிட மலிவு.

அந்த ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து அணைந்து எரிந்தால், அதன் மின்வயர் டிவியின் யுஎஸ்பி துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை அரை ஆம்பியர் தருவதற்கு மட்டுமே பொறுப்பு. ஸ்டிக்குக்கு அது போதாது. பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.

4கே டிவியில் 4கே வரவில்லை

செட்டை விடுங்கள், சந்தாவைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டத்தில் மட்டும்தான் 4கே உண்டு. லேப்டாப்பிலிருந்து பிரவுசர் வழியாக ஓட்டினால் பல தளங்கள் தரத்தைக் குறைத்தே தரும்; டிவியின் சொந்தச் செயலியில் பாருங்கள். வெளிச்சாதனம் இணைத்திருந்தால் அந்த எச்டிஎம்ஐ துளையின் அமைப்பை 'என்ஹான்ஸ்டு' அல்லது அதற்கு ஈடானதாக மாற்ற வேண்டியிருக்கும். பல செட்களில் அது இயல்பாக அணைந்திருக்கிறது.

படம் நொடிப்பொழுது கறுத்துத் திரும்புகிறது, வெள்ளைப் பொறி தெறிக்கிறது

எச்டிஎம்ஐ வயர். எச்டிக்கு ஓடிய பழைய வயர் 4கேயில் திணறுகிறது. நொடிக்கு 60 சட்டகம் உள்ள 4கேக்கு 18 ஜிகாபிட் தாங்கும் வயர் தேவை, 120-க்கு 48 ஜிகாபிட். மாற்றிப் பார்க்க ஒரு நல்ல குட்டை வயர் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரியும். தங்க முலாம் பூசிய வயர் என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் போக வேண்டும் என்றால் மட்டும் ஆப்டிகல் வகை எச்டிஎம்ஐ வாங்குவதில் நியாயம் உண்டு.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரீசியன் சுவருக்குள் முக்கால் அங்குலக் குழாய் பதிப்பார். எச்டிஎம்ஐ தலை அதற்குள் நுழையாது. டிவி இருக்கப்போகும் இடத்துக்கு இரண்டு அங்குலக் குழாய் ஒன்று தனியாகக் கேளுங்கள், வளைவு குறைவாக.

பிராக்கெட் ஆடுகிறது, செட் ஒரு பக்கம் சாய்கிறது

இது மட்டும் நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. 65 அங்குலச் செட் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும். கீழே குழந்தைகள் விளையாடுவார்கள். உடனே இறக்கி வைத்துவிட்டுத் துளையைப் பாருங்கள்.

துளையிடும்போது விழும் தூசியே சுவர் என்னவென்று சொல்லிவிடும். முதல் ஒரு சென்டிமீட்டருக்குச் சிமென்ட் பூச்சின் சாம்பல் தூசி வரும். அதன் பிறகு சிவப்புத் தூசி வந்தால் செங்கல். நல்ல பிளக்கும் நீண்ட திருகும் பிடித்துக்கொள்ளும். சாம்பலாகவே தொடர்ந்து டிரில் திணறினால் கான்கிரீட். ஆங்கர் போல்ட் போடலாம், அதைவிட உறுதி வேறில்லை. வெளுத்த மாவு போல் கொட்டி டிரில் வெண்ணெயில் இறங்குவது போல் போனால் ஏஏசி எனப்படும் இலகு கல். சாதாரண பிளக் அதில் நிற்காது, அதற்கென்று உள்ள நீளமான பிளக்கோ ரசாயன ஆங்கரோ வேண்டும். டிரில் சட்டென்று வெற்றிடத்துக்குள் விழுந்தால் ஹாலோ பிளாக். நான்கு துளையும் அப்படியென்றால் இடத்தை மாற்றுங்கள், அல்லது தரையில் நிற்கும் ஸ்டாண்டுக்குப் போங்கள். ஜிப்சம் பலகைத் தடுப்பில் பெரிய செட்டை மாட்டவே வேண்டாம்.

செட்டின் பின்பக்கத் திருகுத் துளைகளின் இடைவெளிக்கு 'வெசா' என்று பெயர். 300-க்கு 300, 400-க்கு 400 என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள். பிராக்கெட் அதற்குப் பொருந்த வேண்டும். திருகு எம்6-ஆ எம்8-ஆ என்று கையேட்டில் பாருங்கள். நீளமான திருகைப் பலவந்தமாக முறுக்கினால் முனை உள்ளே போய் பேனலையே குத்திவிடும்.

தொட்டால் சுருக்கென்கிறது

இரட்டைப் பின் பிளக் உள்ள செட்களில் எச்டிஎம்ஐ துளையின் உலோக விளிம்பில் டெஸ்டரை வைத்தால் லேசாக மினுக்கும். பவர் சப்ளையின் உள்ளேயிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. ஆளுக்கு ஆபத்தில்லாத அளவு என்றாலும், எச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில் பாக்ஸின் போர்ட்டையோ டிவியின் போர்ட்டையோ எரித்துவிடப் போதும். எனவே வயர் மாற்றும்போது இரண்டையும் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டுச் செருகுங்கள். சுருக்கென்பது பலமாக இருந்தாலோ, மூன்று பின் பிளக் உள்ள செட்டிலேயே நடந்தாலோ, வீட்டின் எர்த்தை எலெக்ட்ரீசியனைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் தேவையா என்பதற்கு விடை செட்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது. 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் லோ வோல்டேஜுக்கு அது அஞ்சாது. அஞ்ச வேண்டியது எதிர்ப்பக்கத்துக்கு. தெருவில் நியூட்ரல் கட்டானால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். அதிக வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவிக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை மாத இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் மாடியிலிருந்து வரும் டிஷ் வயரை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அதன் வழியாகப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் வரும். அதையும் கழற்றுங்கள்.

சேனல் லோகோ நிழலாகத் தங்கிவிட்டது

ஓஎல்இடி செட்டில் மட்டும் வரும் கவலை. நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில் மூலையில் உள்ள லோகோவும் கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் மெல்லப் பதிந்துவிடும். இதைத் தடுக்க செட்டுக்குள்ளேயே ஏற்பாடு உண்டு. எல்ஜி செட்களை எடுத்துக்கொண்டால், மொத்தம் நான்கு மணி நேரம் அளவுக்கு ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்ததும், ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் பேனலைத் தானே சரிசெய்துகொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டில் அணைத்த கையோடு எழுந்துபோய்ச் சுவர் சுவிட்சையும் அணைக்கிறோம். கரண்ட் பில் மேல் உள்ள பக்தி. செட் தன் வேலையைச் செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. ஓஎல்இடி வாங்கியவர்கள் அந்தச் சுவிட்சை ஆன் நிலையிலேயே விட்டுவைப்பது நல்லது. ஸ்டாண்ட்பையில் அது குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. இடிமழை நாட்களை மட்டும் விதிவிலக்காக்குங்கள்.

செய்திச் சேனல்தான் வீட்டின் பின்னணி ஓசை என்றால், ஓஎல்இடி வாங்காமல் எல்சிடியிலேயே நின்றுவிடுங்கள் என்பேன்.

ஒலி வருகிறது, படம் இல்லை

பயந்துவிட வேண்டாம், அறையை இருட்டாக்குங்கள். செட்டை ஆனில் வைத்து, மொபைல் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் மெனுவோ ஆட்களின் உருவமோ மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்விளக்குதான் இறந்துவிட்டது. எல்இடி பட்டையை மாற்றும் செலவு, பேனல் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். இந்தச் சோதனை எல்சிடி செட்டுக்கு மட்டும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. பேனல் போய்விட்டது என்று கடையில் சொன்னால், டார்ச் அடித்துப் பார்த்ததைச் சொல்லுங்கள். பேச்சின் தொனி மாறும்.

மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் நிரந்தரமாக நின்றாலோ, பாதித் திரையில் வண்ணம் கலங்கினாலோ அது பேனல் அல்லது அதை இயக்கும் போர்டு. வீட்டில் தீர்க்கும் விஷயமல்ல. ஓரத்தில் தட்டினால் சரியாகிறது என்று தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் எத்தனை முறை சிமிட்டி நிற்கிறது என்று எண்ணி வையுங்கள். பல செட்களில் அந்த எண்ணிக்கை எந்தப் பகுதியில் கோளாறு என்பதற்கான குறியீடு.

சிலந்தி வலை போல் விரிசல் இருந்தால் அது அடிபட்ட பேனல், உத்தரவாதத்தில் வராது. அதனால்தான் பெட்டி வந்த அன்று, பிரிப்பது முதல் படம் தெரிவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் அதையும் படமெடுங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் உள்ள சீரியல் எண் ஸ்டிக்கரையும் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். சர்வீஸில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். செட் இயங்காத நாளில் அதை மெனுவில் பார்க்க முடியாது, சுவரோடு ஒட்டிய செட்டின் முதுகிலும் படிக்க முடியாது.